நெல்லிக்கனியும் கல் முகமூடியும்

அரூர்
ஐப்பசி

அன்புள்ள கயல்விழிக்கு,

மாமா எழுதுவது. மழை இந்த வருடம் ஏமாற்றவில்லை. அத்தை கேழ்வரகு மாவு அரைத்து வைத்திருக்கிறாள், உன் அம்மா பெங்களூர் வரும்போது கொடுத்தனுப்புகிறோம்.

அன்றைக்குப் போனில் நீ கேட்ட கேள்வியை இரண்டு வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை, அதனால்தான் கடிதம். கடைசி வருடப் படத்துக்குக் கதை தேடுகிறேன், ஜப்பானிய ஜோஜோ மாதிரி தாத்தா, பேரன், கொள்ளுப்பேரன் என்று நீளும் வீரக்கதை நம்ம தருமபுரிப் பக்கம் ஏதாவது உண்டா மாமா என்று கேட்டாய். உண்டு பாப்பா. ஆனால் நீ நினைக்கிற இடத்தில் இல்லை. அதைச் சொல்வதற்கு முன்னால், ஜோஜோவைப் பற்றி எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்னபடி 2012இல் வெளிவந்த முதல் அனிமே தொடரின் 26 பகுதிகளையும் நம்ம முகிலனோடு உட்கார்ந்து பார்த்தேன். அதற்கடுத்த எகிப்துப் பயணத்தையும் பார்த்து முடித்தோம். ஹிரோஹிகோ அராகி 1987இல் வார இதழில் வரையத் தொடங்கிய கதை, 130 தொகுதிகளைத் தாண்டி இன்னும் அவர் கையாலேயே போய்க்கொண்டிருக்கிறது என்று முகிலன் சொன்னான். ஒரு மனிதர் ஒரே குடும்பத்தின் கதையை நாற்பது வருடத்துக்குப் பக்கமாகச் சொல்லிக்கொண்டிருப்பது சாதாரணக் காரியம் இல்லை. நாயகன் செத்துப்போவான், கதை சாகாது. ஜோனதன் போனால் அவன் பேரன் ஜோசப், ஜோசப் கிழவனானால் அவன் பேரன் ஜோதாரோ. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் பிறந்த நமக்கு, எல்லோரையும் ஜோஜோ என்று கூப்பிடுவதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சண்டைகளும், உடம்பை முறுக்கி நிற்கும் அந்த நிலைகளும் உன்னை இழுத்திருக்கும். என்னை இழுத்தது கெட்டவர்களின் ஆசை. அந்தக் கல் முகமூடியை எண்ணிப் பார். அதில் ரத்தம் பட்டதும் முட்கள் நீண்டு மண்டையைத் துளைக்கின்றன. அணிந்தவனுக்கு மூப்பில்லை, சாவில்லை. அதற்கு விலையாக வெயிலில் நடக்க முடியாது, மனிதரின் உயிரை உறிஞ்சித்தான் வாழ வேண்டும். ஜோனதனின் எதிரி டியோ யோசிக்காமல் அந்த விலையைக் கொடுக்கிறான். அந்த முகமூடியைச் செய்த கார்ஸ் அதற்கும் மேலே போகிறான். வெயிலும் தன்னைத் தொடக்கூடாது என்று சிவப்புக் கல்லைத் தேடி, கிடைத்ததும் எந்த உயிராலும் கொல்ல முடியாதவனாக ஆகிவிடுகிறான். அவன் கதை எப்படி முடிகிறது என்று உனக்குத் தெரியும். எரிமலை அவனை வானத்துக்கு அப்பால் தூக்கி எறிகிறது. திரும்பி வர வழியில்லை. சாகலாம் என்று நினைத்தாலும் சாவு வரவில்லை. கடைசியில் நினைப்பதையே விட்டுவிட்டு விண்வெளியில் கல்லாய் மிதக்கிறான். அந்த இடத்தில் முகிலன் எழுந்து கைதட்டினான். எனக்கு நெஞ்சு கனத்தது.

இந்தப் பக்கம் நிற்கிறவர்களையும் பார். ஜோனதனின் குரு செப்பெலி சாகும்போது தன் மூச்சின் வலிமை முழுவதையும் ஜோனதன் உடம்பில் இறக்கிவிட்டுச் சாகிறார். அவருடைய பேரன் சீசர் பாறைக்கு அடியில் நசுங்கும் முன் கடைசி வலிமையை ரத்தக் குமிழி ஒன்றில் அடைத்து ஜோசப்புக்கு அனுப்புகிறான். கெய்ரோவில் தண்ணீர்த் தொட்டியில் மோதி உயிர் போய்க்கொண்டிருக்கும்போது ஜோதாரோவின் தோழன் காக்யோயின் ஒரு கடிகாரத்தை உடைக்கிறான்; எதிரியின் மந்திரம் காலத்தை நிறுத்துவது என்ற செய்தி அந்த உடைந்த கடிகாரம் வழியாகக் கிழவர் ஜோசப்புக்குப் போய்ச் சேர்கிறது. சாகிறவன் ஒவ்வொருவனும் எதையோ கைமாற்றிவிட்டுத்தான் சாகிறான். தானே நிலைக்க வேண்டும் என்பவன் அரக்கன் ஆகிறான், தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போகிறவன் வீரன் ஆகிறான். மனிதரைப் போற்றிப் பாடுவதுதான் இந்தக் கதையின் நோக்கம் என்று அராகி சொல்லியிருக்கிறார். அந்தப் போற்றுதலின் அடியில் இருப்பது இதுதான் என்று நான் படித்துக்கொள்கிறேன்.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன்.

சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பாரதக் கூத்துக்குப் போயிருக்கிறேன், உனக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. திரௌபதி அம்மன் கோயில் முன்னால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும். பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகும் வண்டி ஊரைச் சுற்றிவரும், அதில் பீமன் உட்கார்ந்து தின்றுகொண்டே வருவான். அர்ச்சுனன் உயரமான தபசு மரத்தில் ஏறுவான். கடைசியில் மண்ணில் படுத்துக் கிடக்கும் துரியோதனனைச் சுற்றிப் படுகளம். உன் ஜோஜோவில் எனக்கு முதலில் பிடித்துப்போனது இந்தக் கூத்தின் சாயல். கட்டை வேடம் கட்டியவன் நேராக வந்து நின்றுவிட மாட்டான். இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். திரைக்கு மேலே முதலில் கிரீடத்தின் நுனி தெரியும். கீழே சலங்கைக் கால் தெரியும். திரை விலகியதும் தோள்கட்டை அதிர ஒரு சுற்றுச் சுற்றி நிற்பான். நீ யாரப்பா என்று கட்டியங்காரன் கேட்பான். தன் குலம், பெயர், பெருமை எல்லாம் சொல்லித்தான் கதைக்குள் வருவான். ஜோஜோவில் ஒவ்வொருவனும் எதிரி முன்னால் நின்று தன் பெயரை முழங்குவதும், அந்த ஸ்பீட்வேகன் ஓரமாக நின்று நடப்பதை எல்லாம் நமக்கு எடுத்துச் சொல்வதும் அப்படியே கட்டியங்காரன் வேலைதான். அராகிக்கு அந்த நிலைகள் ரோமாபுரிச் சிற்பங்களிலிருந்து வந்தன. உனக்குப் பக்கத்து ஊர்க் களரியிலிருந்தே வரலாம்.

பாரதத்தின் முடிவை நினைத்துப் பார். துரியோதனன் விழுந்த இரவில் அசுவத்தாமன் பாசறைக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த பாஞ்சாலியின் பிள்ளைகளை வெட்டுகிறான். அதோடு நிற்கவில்லை, உத்தரை வயிற்றில் இருக்கும் கருவின்மேல் அத்திரம் விடுகிறான். குலமே அற்றுப்போகட்டும் என்பது அவன் எண்ணம். கண்ணன் அந்தக் கருவைக் காக்கிறான், பரீட்சித்து பிறக்கிறான். கப்பல் எரியும்போது வயிற்றுப் பிள்ளையோடும், யாரோ பெற்ற கைக்குழந்தையோடும் ஜோனதன் மனைவி எரினா தப்பிக்கும் காட்சியில் எனக்கு உத்தரைதான் தெரிந்தாள். அசுவத்தாமனுக்குக் கிடைத்த தண்டனை என்ன? தலையை வெட்டவில்லை. ஆறாத புண்ணோடு, பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் மூவாயிரம் வருடம் அலைய வேண்டும் என்று சபிக்கிறான் கண்ணன். சாகாமை அங்கே வரம் இல்லை, சாபம். கார்ஸுக்கு நேர்ந்ததும் அதுதான்.

இதோடு நிறுத்தியிருந்தால், பாரதத்தைப் படமாக எடு என்று சொல்லிக் கடிதத்தை முடித்திருப்பேன். அதை நிறையப் பேர் எடுத்துவிட்டார்கள். உனக்கு நான் சொல்ல வந்த கதை அரூரிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில், அதியமான்கோட்டையில் இருக்கிறது.

ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதையை இரண்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம் மாமா என்பாய். படித்தோம். ஆனால் பாடப்புத்தகத்துப் படத்தில் ஒரு ராஜா ஒரு கிழவிக்குப் பழம் கொடுப்பதைத்தான் பார்த்தோம். புறநானூற்று 91ஆம் பாட்டைத் திறந்து பார், அது வேறாக இருக்கிறது. பெரிய மலைப் பிளவில், எட்டாத இடத்தில் விளைந்த கனி. அதை உண்டால் சாவு நெருங்காது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததை நெஞ்சுக்குள் அடக்கிக்கொண்டு, அதன் மதிப்பைச் சொல்லாமலே அவளுக்குக் கொடுத்துவிட்டான். அவள் பிறகுதான் அறிகிறாள். அறிந்ததும், நஞ்சுண்ட சிவனைப்போல நீ நிலைத்திருக்க வேண்டும் என்று அவனை வாழ்த்துகிறாள். டியோ ரத்தம் சிந்தி எடுத்துக்கொண்டதை, கார்ஸ் எத்தனையோ ஆயிரம் வருடம் தேடியதை, தகடூர்க்காரன் (தகடூர்தான் இன்றைய தருமபுரி) ஒருவன் வாய் திறக்காமல் இன்னொருவர் கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஜோஜோ முழுவதும் சொல்ல முயல்வதை இந்த மண்ணின் கதை ஒரே செய்கையில் காட்டிவிடுகிறது. நான் தருமபுரிக்காரன் என்பதால் சொல்லவில்லை கயல்.

அடுத்து நடந்ததைப் பார். அவன் சாகிறான். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு அழிக்கிறான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில் கிழார் அந்தச் சேரனைத்தான் பாடுகிறார். நெல்லியைக் கொடுத்தவன் போய்விட்டான், அதை வாங்கி உண்டவள் இருக்கிறாள். அவன் சிதையைப் பாடுகிறாள். அவனுக்கு நட்ட கல்லைப் பாடுகிறாள். 232ஆம் பாட்டில் அந்தக் கல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் வடித்த கள்ளைப் படைக்கிறார்கள். மலைநாட்டையே கொடுத்தாலும் ஏற்காதவன் இந்தக் கலத்துக் கள்ளை ஏற்பானா என்று அவள் கேட்கிறாள். காலையும் மாலையும் இனி எனக்கு வேண்டாம், நான் வாழும் நாளும் வேண்டாம் என்கிறாள். சாகாமை தரும் கனியை உண்டவள் இதைச் சொல்கிறாள், கயல். அந்தப் பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 91ஐ மறுபடி வாசித்தால் தொண்டை அடைக்கிறது. அவன் கொடுத்த பரிசின் முழு எடையும் அந்தக் கல்லின் முன்னால்தான் அவளுக்குத் தெரிகிறது.

தலைமுறைக் கதை வேண்டும் என்றாய். 99ஆம் பாட்டில் அவன் முன்னோர்கள் வருகிறார்கள். கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று அவர்களைச் சொல்கிறாள். ஒரு குடியின் முதல் பெருமையாக ஒரு பயிரைச் சொல்வது எவ்வளவு அழகு! அதே பாட்டில் ஏழு பேரை எதிர்த்து வென்ற போரும், கோவலூரை அழித்ததும் வருகின்றன. 100ஆம் பாட்டு உனக்கென்றே எழுதியது போன்ற ஒரு சட்டகம்: போர்க்களத்திலிருந்து நேராக வந்திருக்கிறான், கையில் வேல், காலில் கழல், உடம்பெல்லாம் வியர்வை, கழுத்தில் ஈரம் காயாத புண். புலியோடு பொருத யானையின் கோபம் இன்னும் அடங்கவில்லை. பிறந்த மகனைக் காட்டுகிறார்கள். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், பிள்ளையைப் பார்க்கும்போதும் சிவப்பு மாறவில்லை. அந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும், வளர்ந்தபோது யாரைப்போல ஆனான்? அதியமான் மகன் பொகுட்டெழினியை அதே ஔவை பாடுகிறாள். 96, 102, 392 பாட்டுகளில் அவன் இருக்கிறான். அப்பனைப் பாடிய வாய் மகன் வாசலிலும் நின்று பாடுகிறது.

ஜோஸ்டார் குடும்பத்தைக் கோக்க அராகி கழுத்தடியில் ஒரு நட்சத்திர மச்சம் வைத்தார். நீ அதைத் தேட வேண்டாம். இந்தக் கதையில் மூன்று தலைமுறையையும் கோக்கிறவள் அந்தக் குடியில் பிறக்காத ஒரு பாடகி. கதையை அவள் கண்ணால் சொல்.

இங்கே ஒரு வேண்டுகோள் உண்டு. அவளைக் கிழவியாக வரையாதே. 1953இல் ஜெமினி எடுத்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் வந்து நின்ற பிறகு நம் கண்ணுக்கு ஔவை என்றால் கோலூன்றிய பாட்டிதான். ஆத்திசூடி பாடிய ஔவை வேறு, பல நூற்றாண்டு பிந்தியவர். தகடூர் ஔவை யாழும் பறையும் கொண்டு ஊர் ஊராகப் போன கூட்டத்தோடு வாழ்ந்தவள். 89ஆம் பாட்டில் பகை அரசன் ஒருவன் அவளை விறலி என்று விளித்து, மை தீட்டிய கண்ணையும் அணிகலனையும் சொல்லித்தான் பேசத் தொடங்குகிறான். கவிஞர் இன்குலாப் ‘ஔவை’ என்று ஒரு நாடகம் எழுதினார், அதில் அவள் இளம் பெண்ணாகவே வருகிறாள். காஞ்சித் தொண்டைமானிடம் தூது போனவளும் இவளே. அவனுடைய படைக்கலங்கள் எண்ணெய் பூசி மாலை சூட்டிப் புதிதாகப் பளபளப்பதையும், அதியனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் சொல்லி, புகழ்வது போலவே அவனை எச்சரித்துவிட்டு வந்தவள். ஜோஜோவின் முதல் கதையில் எரினா பாவம், காத்திருப்பதும் அழுவதும் அவள் பங்கு. அடுத்த கதையில் ஜோசப்பின் குரு லிசா லிசா வந்த பிறகுதான் எனக்கு ஆறுதல். உன் படத்தில் அந்தக் குறை வேண்டாம்.

பகைவனை மதிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்ஸின் தோழன் வாமு அழியும்போது ஜோசப் அவனுக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்து, கைதூக்கி வணக்கம் வைக்கிறானே, தொடர் முழுவதிலும் எனக்கு அதற்கு இணையான காட்சி இல்லை. சேரன் வெற்றியைப் பாடிய அதே அரிசில் கிழார், தகடூர்ப் போரில் விழுந்த எழினிக்காகவும் பாடியிருக்கிறார், புறநானூறு 230. அவன் காவல் இருந்தபோது காட்டில் கன்றும் தாயும் பயமில்லாமல் தங்கின, களத்து நெல் காவலின்றிக் கிடந்தது என்கிறார். பிறகு கூற்றுவனைப் பார்த்து, விதைநெல்லைத் தின்றுவிட்ட உழவனைப்போல நீ அறிவில்லாத காரியம் செய்துவிட்டாய், இவனை விட்டிருந்தால் இவன் வெல்லும் போர்களில் உனக்கு வயிறார உயிர்கள் கிடைத்திருக்குமே என்கிறார். வென்றவன் பக்கத்துப் புலவன் தோற்றவனுக்காக எமனோடு வழக்காடுகிறான். இதைவிடப் பெரிய சண்டைக் காட்சி எனக்குத் தெரியாது.

இதெல்லாம் பாட்டுத்தானே, உண்மையில் அப்படி ஒருவன் இருந்தானா என்று உன் வகுப்பில் யாராவது கேட்பார்கள். சொல். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை என்ற ஊர்க் குன்றில் 1981இல் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கண்டெடுத்தார்கள். ஏறத்தாழ 2000 வருடப் பழமை. அதில் அதியன் நெடுமான் அஞ்சி என்ற பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அசோகன் தன் கல்வெட்டுகளில் சேர சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொன்ன சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கும் அந்த ஒற்றை வரி விடை சொன்னது. அவன் வென்றதாகப் பாட்டு சொல்லும் கோவலூருக்குப் பக்கத்திலேயே அந்தக் குன்று இருப்பதையும் கவனி. அந்தக் கல் அவனைப் பற்றிச் சொல்லும் செய்தி ஒன்றுதான்: தங்குவதற்கு ஒரு குகையைக் கொடுத்தான்.

கைமாற்றாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி தகடூரிலேயே இருக்கிறது. அந்த முற்றுகையைப் பற்றித் ‘தகடூர் யாத்திரை’ என்று ஒரு தனி நூலே இருந்தது. இன்று இல்லை. புறத்திரட்டிலும் பழைய உரைகளிலும் சிக்கிய சில பாடல்களே மிச்சம். புறநானூறும் அந்த வழியில் போயிருக்க வேண்டியது. யார் யாரோ ஏட்டைப் படியெடுத்துப் படியெடுத்து வைத்ததால், 1894இல் உ.வே. சாமிநாதையர் கையில் அச்சேறியது. பெயர் தெரியாத அந்தப் படியெடுத்தவர்களையும் உன் கதையில் எங்காவது ஓர் ஓரத்தில் உட்கார வை.

இன்னொன்று, நடுகற்கள். ராஜாக்கள் கதை மட்டும் போதாது. நம்ம மாவட்டத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் கல்லில் வெட்டிய வீரர்கள் நிற்கிறார்கள். மாடு பிடிக்க வந்தவர்களை எதிர்த்து மீட்டவன், ஊருக்குள் வந்த புலியைக் குத்திச் செத்தவன். பலர் யாரோ ஒரு சிற்றரசனின் சேவகர்கள். வட்டெழுத்தில் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்தப் பூசலில், யார் பட்டான் என்று சுருக்கமாக இருக்கும். புகழுரை கிடையாது. ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள், சில கற்களில் உடம்பில் தைத்த அம்புகள்கூட உண்டு. காலை அகற்றி, இடுப்பைத் திருப்பி நிற்கும் அந்த நிலையைப் பார்த்ததும் நீ பென்சிலைத் தேடுவாய். இந்தக் கற்களில் பலவற்றை நம் சனங்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். இந்தப் பக்கம் வேடியப்பன் என்று பெயர் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். பெயர் மறந்துபோன ஒரு வீரன், பெயர் கொடுக்கும் சாமியாகி, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் உடம்பில் நடந்துகொண்டிருக்கிறான்.

உன் இக்கி என்ற நாயையும் மறக்கவில்லை. டியோ மாளிகையில் அது தன் உயிரைக் கொடுத்து நண்பனைக் காப்பாற்றியதும் முகிலன் இரவுச் சாப்பாடே வேண்டாம் என்றுவிட்டான். அவனுக்குக் கோவிவன் கதையைச் சொன்னேன். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு மீட்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் பட்டான். அவன் வளர்த்த நாய் கோவிவன் கள்ளர் இருவரைக் கடித்து, காவல் நின்றது. கல்லில் வீரன் பக்கத்தில் நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் வெட்டி வைத்தார்கள். எத்தனையோ அரசர்கள் பெயர் தெரியாமல் போய்விட்டது, ஒரு நாயின் பெயர் 1400 வருடமாக நிற்கிறது. முகிலன் அதைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான்.

ஜோஜோவில் எனக்கு உறுத்திய ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அவர்கள் கல்கத்தாவில் இறங்கும் பகுதியில் இந்தியா என்றால் நெரிசல், கைநீட்டும் கூட்டம், மாடு, அசுத்தம் என்றே காட்டுகிறார்கள். இங்கிலாந்தையும் இத்தாலியையும் அவ்வளவு காதலோடு வரைந்த கை இங்கே வந்ததும் அவசரப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்காக அவர்மேல் கோபப்பட்டு உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. வெளியூர்க்காரர் கண்ணுக்கு அதுதான் தெரிந்தது. உள்ளூர்க்காரர்கள் நாம் வரைந்து கொடுத்திருந்தால் அவருக்கும் வேறு தெரிந்திருக்கும். நாம் வரையும்போதும் இதே தவறு நேர வழி இருக்கிறது. சங்ககாலம் என்றதும் தங்கக் கிரீடமும் பளிங்குத் தூணும் வைத்துவிடாதே. அதியன் தலையில் பனந்தோடும் வெட்சிப் பூவும் இருந்தன என்று பாட்டே சொல்கிறது. அவன் நாடு வரகும் தினையும் விளையும் நாடு. மேட்டு நிலம், பாறை, முள்காடு, எட்டாத தூரத்தில் நீல மலை. பஸ்ஸில் தொப்பூர்க் கணவாய் ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பார், உன் பின்னணி ஓவியம் முழுக்க அங்கே கிடக்கிறது.

வில்லன் யார் என்று கேட்பாய். சேரனை அரக்கனாக்கிவிடாதே, அவன் அரக்கன் இல்லை. வேண்டுமானால் அரிசில் கிழார் வழியைப் பிடித்துக்கொண்டு கூற்றுவனையே நிறுத்து. ஔவையை மட்டும் தொட முடியாத கூற்றுவன், அவள் நேசிக்கும் ஒவ்வொருவரையும் அவள் கண்ணெதிரே கொண்டுபோகிறான். அவள் கையில் ஆயுதம் இல்லை, பாட்டு இருக்கிறது. அவன் கொண்டுபோன ஒவ்வொருவரையும் அவள் பாட்டில் நிறுத்திவிடுகிறாள். யார் வென்றார்கள் என்பதைப் பார்க்கிறவர்கள் சொல்லட்டும்.

இதை நீ எடுப்பாயோ மாட்டாயோ, அது உன் விருப்பம். உன் ஆசிரியர்கள் வேறு சொல்லலாம், கல்லூரிக்குக் கெடு இருக்கலாம். ஆனால் நம்ம ஊரில் என்ன இருக்கிறது என்று இனி யாரிடமும் தயங்கிப் பேசாதே.

பொங்கல் விடுமுறைக்கு நான்கு நாள் சேர்த்து வா. தருமபுரி அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களை முதலில் பார்ப்போம், அங்கிருந்து அதியமான்கோட்டை. முகிலனுக்காக எடுத்தனூருக்கும் ஒரு நாள் வைக்க வேண்டும். வரும் முன்னால் ஔவை சு. துரைசாமிப்பிள்ளை உரையோடு 91, 95, 99, 100, 230, 232, 235 ஆகிய பாட்டுகளை வாசித்துவிடு. புத்தகம் பெங்களூரில் கிடைக்கவில்லை என்றால் சொல், அம்மாவிடம் மாவோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். வரையும் நோட்டு ஒன்று போதாது, இரண்டாக எடுத்து வா.

அன்புடன்,
மாமா